ஸ்வார்ட்பிளஸ் செம்மறி: பாலுக்கு நாலரை நட்சத்திரம், கம்பளிக்கு மூன்று

காபி இயந்திரத்துக்கும் கைப்பேசிக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம், அதே அளவு காசு கொடுத்து வாங்கி, தினமும் இரண்டு வேளை முகத்தைப் பார்க்க வேண்டிய ஆட்டுக்கு எழுதினால் என்ன தப்பு? அதனால் இது ஆட்டு விமர்சனம். இனத்தின் பெயர் ஸ்வார்ட்பிளஸ். இருப்பது இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயரில், வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் புல்வெளி, ஐந்து பெட்டை ஆடுகள், வசந்தம் வந்தால் அவற்றின் குட்டிகள். கறிக்காக வாங்கவில்லை. பாலும் வேண்டும், நூற்கக் கம்பளியும் வேண்டும், இரண்டும் ஒரே ஆட்டில் வேண்டும் என்று தேடித்தான் இதைப் பிடித்தோம்.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். பாலுக்காக வாங்குவதென்றால் தாராளமாக வாங்கலாம். கம்பளியை நீங்களே நூற்கப் போகிறீர்கள், நீங்களே உடுத்தப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம். கம்பளியை விற்றுத் தீவனச் செலவை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் வேண்டாம், வேறு இனத்தைப் பாருங்கள், அல்லது வேறு கணக்கைப் போடுங்கள்.

ஆடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: கருமைக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறம், நெற்றியிலிருந்து மூக்கு வரை ஒரு வெள்ளைப் பட்டை, பின்னங்கால்களில் வெள்ளைக் காலுறை, சிலவற்றுக்கு நான்கு காலிலும், வாலின் நுனியிலும் வெள்ளை. கொம்பு கிடையாது. வளர்ந்த பெட்டை 85 கிலோ வரும், கிடா நூறைத் தாண்டும். நம் ஊர் மேச்சேரி ஆட்டில் மூன்றை ஒன்றாக்கினால் வரும் எடை. காங்கேயம் பக்கத்தில் ஆட்டுப்பட்டிக்கு நடுவே வளர்ந்த என் அம்மா, வீடியோ அழைப்பில் முதல்முறை பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, இது ஆடா, எருமைக் கன்னுக்குட்டியா? காலுக்கு யாரு சுண்ணாம்பு அடிச்சு உட்டது?" இதைக் கறந்து குடிக்கிறோம் என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவருக்குத் தெரிந்தவரை வெள்ளாட்டுப் பால் மருந்து, செம்மறிப் பால் குட்டிக்கு.

இனத்தின் சொந்த ஊர் நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்து. அங்கே கறவை மாட்டுப் பண்ணைகளில் மாடுகளோடு சேர்த்தே மேயவிட்டு வளர்த்தார்கள். இதன் ரத்தத்தில் ஃபிரீசியப் பால் செம்மறியும் இருக்கிறது, டெக்சல் என்ற கறி இனமும் இருக்கிறது. 1970களில் எண்ணிக்கை மிகவும் குறைந்து அழியும் நிலைக்குப் போனது, அங்குள்ள அரிய இனப் பாதுகாப்பு அமைப்பு தலையிட்டுக் காப்பாற்றியது. பிரிட்டனுக்கு வந்தது 1990களின் தொடக்கத்தில்தான். இந்தப் பின்கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், மாட்டுப் பண்ணையில் மனிதர்களோடு பழகி வந்த ஆடு என்பது அதன் குணத்தில் அப்படியே தெரிகிறது. மற்ற ஆடுகளைப் பிடிக்க நாயும் வேலியும் வேண்டும், இதற்கு வாளியைத் தட்டும் சத்தம் போதும். ஓடிவந்து காலை மிதிக்கும். எண்பத்தைந்து கிலோ என்பதை மறந்துவிடாதீர்கள்.

சரி, பாலுக்கு வருவோம்.

செம்மறிப் பால் வெள்ளாட்டுப் பால் மாதிரி வாடை அடிக்கும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அடிக்காது. சுத்தமாகக் கறந்து உடனே குளிரவைத்தால் எந்த வாடையும் இல்லை, லேசாக இனிக்கும், வாயில் கனமாக இருக்கும். காரணம் எளிது: பசும்பாலில் மொத்தத் திடப்பொருள் 12, 13 சதவீதம் என்றால் இதில் 18க்கு மேல். கொழுப்பு ஆறு, ஏழு சதவீதம், புரதம் ஐந்தரை அளவில். அதனால் என்ன ஆகும் என்றால், காய்ச்சும்போது கவனம் தப்பினால் உடனே அடிப்பிடிக்கும், டீ போட்டால் பாதிப் பால் போதும், தயிர் உறை ஊற்றினால் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக உறையும். இங்கே கடைகளில் விற்கும் கெட்டித் தயிரெல்லாம் துணியில் கட்டி நீர் வடித்துச் செய்வது, இதற்கு அந்த வேலையே இல்லை. இந்தத் தயிரில் பிசைந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் எதையும் செய்ய முடியாது, எச்சரிக்கை. வெண்ணெய், நெய் இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கும். பசும்பாலுக்கு மஞ்சள் தருகிற கரோட்டின் இதில் இல்லை, எனவே நெய் மஞ்சளாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

பனீருக்கும் பாலாடைக்கட்டிக்கும் இதைவிட நல்ல பால் நான் பார்த்ததில்லை. ஒரு கிலோ பாலாடைக்கட்டிக்குப் பசும்பால் பத்து லிட்டர் வேண்டும், இதில் ஐந்து, ஆறு லிட்டர் போதும். நாங்கள் இருக்கும் பகுதியில் இது புதுசும் இல்லை. வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டி என்று உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று இங்கேதான் பிறந்தது. 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலிருந்து வந்த சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகள் ஜெர்வோ மடத்தில் இருந்துகொண்டு முதலில் செய்தது செம்மறிப் பாலில்தான், பசும்பாலுக்கு மாறியது பிற்பாடு. அந்த மடம் இப்போது இடிந்த சுவர்களாக நிற்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் சுற்றியுள்ள புல்லையும் கொஞ்சம் பாருங்கள், அந்தப் பாலுக்கு ஏன் அந்த ருசி என்று புரியும்.

இன்னொரு நல்ல குணம், இந்தப் பாலை உறையவைத்துச் சேமிக்கலாம். கறவை குறையும் காலத்துக்காகப் பைகளில் ஊற்றி உறைவிப்பானில் போட்டு, சேர்ந்ததும் மொத்தமாக இளக்கிப் பாலாடைக்கட்டி செய்யலாம். ஐந்து ஆடு வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி. ஒவ்வொரு நாளும் கிடைப்பதை அன்றன்றே தீர்க்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லை.

எவ்வளவு கறக்கும்? இங்கேதான் விற்பவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள். கிழக்கு ஃபிரீசியன் என்ற முழுப் பால் இனம் ஒரு ஈற்றுக்கு 500 லிட்டர் வரை தரும், அந்தக் கணக்கை எடுத்து இதற்கும் ஒட்டிச் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஸ்வார்ட்பிளஸ் பால் நன்றாகத் தரும் ஆடு, ஆனால் பாலுக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த ஆடு அல்ல. நாங்கள் குட்டிகளைப் பிரித்துப் புட்டிப்பால் கொடுக்கும் முறைக்குப் போகவில்லை. முதல் சில வாரம் குட்டிகளுக்கே முழுதும், சீம்பாலைத் தொடுவதே இல்லை. அப்புறம் இரவில் மட்டும் குட்டிகளைப் பக்கத்துத் தடுப்பில் அடைத்துவிட்டுக் காலையில் கறப்பது, கறந்ததும் குட்டிகளைச் சேர்த்துவிட்டால் பகல் முழுக்க அவற்றின் பாடு. இந்த முறையில் நல்ல புல் இருக்கும் மே, ஜூன் மாதங்களில் ஒரு ஆட்டுக்குக் காலைக் கறவை ஒரு லிட்டரை ஒட்டி வருகிறது. குட்டிகள் பெரிதாகப் பெரிதாக நம் பங்கு சுருங்கும், அவற்றைத் தாயிடமிருந்து பிரித்ததும் மறுபடி ஏறும். ஒரு குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்குத் தயிர் கொடுத்துப் பெயர் வாங்குவதற்கும் இது தாராளம்.

இரண்டு காம்புதான், மாடு மாதிரி நாலு இல்லை. சில ஆடுகளுக்குக் காம்பு மடியின் அடியில் இல்லாமல் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும், அப்படியிருந்தால் கறக்கும்போது மடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பால் தங்கும், தங்கினால் மடிநோய். கறவை இயந்திரம் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆட்டுக்கென இரண்டு கிண்ணம் வைத்த சின்ன வாளி இயந்திரம் கிடைக்கிறது, ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தோம். கறப்பதற்கு ஆகும் நேரத்தைவிட அதன் குழாயையும் ரப்பரையும் கழுவ ஆகும் நேரம் அதிகம். ஆறு, ஏழு ஆடு வரைக்கும் கைதான் சௌகரியம், அந்தக் காசுக்கு நல்ல கறவை மேடை ஒன்றைச் செய்து கொள்ளுங்கள். ஆடு மேலே நிற்கும், தலைக்கு ஒரு தடுப்பு, முன்னால் ஒரு கைப்பிடி தீவனம், உங்கள் முதுகு பிழைக்கும்.

இந்தப் பாலை விற்பது தனிக் கதை. காய்ச்சாத பாலை விற்க இங்கிலாந்தில் பதிவு, பரிசோதனை, எச்சரிக்கைச் சீட்டு என்று ஏகப்பட்டது உண்டு, ஸ்காட்லாந்தில் விற்கவே கூடாது. வீட்டுக்கு மட்டும் என்றால் இதெல்லாம் இல்லை. ஆனாலும் நாங்கள் காய்ச்சித்தான் குடிக்கிறோம், தமிழர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி கம்பளி. மூன்று நட்சத்திரத்துக்கு விளக்கம் வேண்டுமல்லவா.

நம்மூர் ஆடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேச்சேரி, வேம்பூர் மாதிரி தமிழ்நாட்டுச் செம்மறிகள் பெரும்பாலும் மயிர் ஆடுகள், வெட்ட ஒன்றும் இல்லை. விதிவிலக்காகக் கோயமுத்தூர்க் குறும்பை உண்டு, அதன் முரட்டு ரோமத்தில் கம்பளி நெய்தார்கள். நீலகிரி இனம் ஒன்று உண்டு, கோயமுத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத் டவுன் கிடாக்களைக் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவானது, ரோமம் மெலிசு. இவற்றைப் போன்ற சிலவற்றைத் தவிர நமக்குக் கம்பளி ஆட்டோடு பழக்கம் குறைவு, ஆட்டை வெட்டாமல் ரோமத்தை மட்டும் வெட்டுவது என்பதே பலருக்குப் புதுசாக இருக்கும். இங்கே அது விருப்பம் இல்லை, கட்டாயம். வருடத்துக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் வெயிலில் ஆடு தவிக்கும், ஈ மொய்க்கும், புழு வைக்கும்.

ஸ்வார்ட்பிளஸ் ஒரு ஆட்டுக்கு மூன்று கிலோ சுமாராகத் தருகிறது. நல்ல நெளிவு உண்டு, கையில் பிடித்தால் பஞ்சு மாதிரி எழும்பும், தோலில் நேராகப் படும் உள்ளாடைக்கு ஆகாது, ஆனால் ஸ்வெட்டர், தொப்பி, காலுறை, போர்வை எல்லாவற்றுக்கும் அருமை. மெல்லிய ரோமத்துக்குப் பெயர்போன மெரினோ அல்ல, மெரினோ என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். வெதுவெதுப்பு என்று பார்த்தால் ஒரு குறையும் இல்லை, பிப்ரவரி மாதத்து யார்க்ஷயர் காற்றில் சோதித்துச் சொல்கிறேன்.

குறை எங்கே என்றால் நிறத்தில். அழகே அதுதான், பிரச்சினையும் அதுதான். கம்பளிச் சந்தைக்கு வெள்ளை வேண்டும், வெள்ளையில்தான் எந்தச் சாயமும் ஏற்றலாம், கறுப்பு இழை ஒன்று கலந்தாலும் மொத்த மூட்டைக்கும் கெட்ட பெயர். பிரிட்டிஷ் வுல் என்ற அமைப்பு 1950 முதல் இந்த நாட்டுக் கம்பளியைச் சேகரித்து ஏலம் விடுகிறது, வளர்ந்த ஆடு நான்குக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவுசெய்ய வேண்டும் என்பது சட்டம். வெள்ளைக் கம்பளிக்கே கிலோவுக்குச் சில பத்துப் பென்ஸ்தான் வருகிறது என்று வெள்ளைச் செம்மறி வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரர்களே புலம்புகிறார்கள், மயிர் வெட்டும் கூலிக்கே அது காணாது. கறுப்பு என்றால் இன்னும் கீழே. அதனால் கைநூற்பாளர்களிடம் நேரடியாக விற்பதுதான் வழி, அதற்கு அந்த அமைப்பிடமே விலக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஜூன் மாதக் கடைசியில் கம்ப்ரியாவின் காக்கர்மத்தில் வுல்ஃபெஸ்ட் என்று ஒரு திருவிழா நடக்கிறது, கம்பளிப் பைத்தியங்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள், ஒரு முழு ரோமத்தை விரித்துக் காட்டி விலை பேசுவதை அங்கேதான் பார்க்க வேண்டும். கறுப்பு ரோமத்தை விரும்பி எடுப்பவர்கள் அங்கே உண்டு, ஆனால் அவர்கள் கண்ணில் எதுவும் தப்பாது.

என்ன பார்ப்பார்கள்? ஒரு கொத்து ரோமத்தை உருவி, இரண்டு முனையையும் பிடித்து, காதருகே வைத்துச் சுண்டி இழுப்பார்கள். டிங் என்று சத்தம் வந்தால் நல்லது. சரசரவென்று கிழியும் சத்தம் வந்தால் நடுவில் பலவீனம், நூற்கும்போது அங்கேயே அறும். இந்தப் பலவீனம் எப்படி வருகிறது தெரியுமா, ஆடு எந்த மாதம் பட்டினி கிடந்ததோ, காய்ச்சலில் படுத்ததோ, கஷ்டப்பட்டுக் குட்டி போட்டதோ, அந்த மாதம் வளர்ந்த இழை மெலிந்திருக்கும். பாலையும் கம்பளியையும் ஒரே ஆட்டிடம் கேட்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஸ்வார்ட்பிளஸ் இரட்டைக் குட்டி சாதாரணமாகப் போடும், மூன்றும் போடும். மூன்று குட்டி போட்டு, அவற்றுக்கும் ஊட்டி, நமக்கும் தந்த ஆட்டின் ரோமத்தைப் பாருங்கள், அந்தக் கோடு தெரியும். எங்கள் ஐந்தில் அதிகம் கறப்பவளின் ரோமம்தான் ஐந்திலும் மோசம். ஒரே வாயால் தின்று இரண்டு வேலையையும் முழுசாகச் செய்ய முடியாது. இதை விற்பவர் யாரும் சொல்ல மாட்டார்.

வெயில் இன்னொரு தொல்லை. முதுகில் நுனி ரோமம் வெளுத்துச் செம்பட்டை ஆகிவிடும், அதனால் நூல் முழுக் கறுப்பாக வராது, உள்ளே கறுப்பும் நுனியில் செம்பழுப்பும் கலந்து அடர் பழுப்பாக வரும். எனக்கு அது பிடிக்கும். கறுப்பு நூல் வேண்டுமென்று கேட்டு வருகிறவர்களுக்குப் பிடிக்காது. குளிர்காலத்தில் உயரத்தில் தொங்கும் தொட்டியில் காய்ந்த புல் போட்டால், இழுத்துத் தின்னும்போது விதையும் தூசியும் கழுத்து ரோமத்தில் கொட்டும், கழுவினாலும் போகாது. தொட்டியைத் தலைக்குக் கீழே இறக்கி வையுங்கள். வெட்டிய ரோமத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், வேர்த்துக் கெட்டுப்போகும், துணிப்பையோ காகிதப்பையோ போதும்.

நூற்பு ஆலைச் சேவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கையால் கழுவி, சிக்கெடுத்து, ராட்டையில் நூற்பது நடக்காத காரியம். கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் செய்யும் சின்ன அளவு இயந்திரங்களை வைத்துக்கொண்டு, ஒருவருடைய ரோமத்தை மற்றவருடையதோடு கலக்காமல் தனியாக நூற்றுத்தரும் சிற்றாலைகள் பல நாடுகளில் இருக்கின்றன, பிரிட்டனிலும் உண்டு. நாங்கள் கொடுத்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேலை நன்றாக இருந்தது, நூல் சீராக இருந்தது. ஆனால் வரிசை நீளம், கோடையில் கொடுத்தது அடுத்த வசந்தத்தில்தான் வந்தது, நடுவில் இரண்டு மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. எடையைப் பார்த்தும் திகைக்காதீர்கள்: ரோமத்தில் ஆட்டின் எண்ணெயும் வேர்வை உப்பும் மண்ணும் இருப்பதால், கழுவும்போதே மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும், சிக்கெடுப்பதில் இன்னும் கொஞ்சம். கொடுத்ததில் பாதி நூலாக வந்தால் நல்ல வரவு. கூலியைக் கூட்டிப் பார்த்தால் கடையில் நல்ல நூலே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும், வாங்கியிருக்கலாம்தான், ஆனால் எந்த ஆட்டுடைய ரோமம் என்று பெயர் சொல்லிப் பின்னுகிற சுகம் அதில் கிடையாது. என் வீட்டுக்காரர் இந்த வாதத்தை ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் அந்த ஸ்வெட்டரைக் கழற்றுவதும் இல்லை.

பராமரிப்பில் பெரிய விஷயம் ஈ. மே முதல் செப்டம்பர் வரை பச்சை ஈ அழுக்கு ஒட்டிய ரோமத்தில் முட்டையிடும், ஒரு நாளில் புழு வெளியே வந்து தோலைத் தின்ன ஆரம்பிக்கும், இரண்டு மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் ஆடு போய்விடும். இந்த இனத்துக்கு வாலை வெட்டாமல் விடுவது வழக்கம், பார்க்க அழகு, ஈரப் புல் தின்று கழிந்தால் அந்த வாலில்தான் எல்லாம் ஒட்டும். மற்றவர்கள் ஆட்டின் முதுகில் ஒரு மருந்தை ஊற்றிவிட்டு வாரக்கணக்கில் நிம்மதியாக இருப்பார்கள். நம்மால் முடியாது. அந்த மருந்துகளில் பலவற்றின் சீட்டிலேயே, மனிதர் குடிக்கப் பால் கறக்கும் ஆட்டுக்குத் தரக்கூடாது என்று எழுதியிருக்கும். குடற்புழு மருந்திலும் அப்படித்தான், கால்நடை மருத்துவரிடம் "கறவை ஆடு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், இந்த ஊரில் செம்மறி என்றால் கறி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எனவே தினமும் பின்பக்கத்தைப் பார்ப்பது, வாலைச் சுற்றி ரோமத்தைக் கத்தரிப்பது, இதுதான் வழி. தினமும் எப்படியும் கறவை மேடையில் ஏறுவதால் பார்ப்பது சுலபம், இதுவும் பால் ஆட்டுக்கு ஒரு லாபம்.

தீவனத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை, தாமிரம். மாட்டுக்குத் தேவைப்படும் அளவு தாமிரம் செம்மறிக்கு விஷம், கல்லீரலில் சேர்ந்து சேர்ந்து திடீரென்று ஒருநாள் கொல்லும். டெக்சல் இனம் இதில் ரொம்ப மென்மையானது, அந்த ரத்தம் இதிலும் ஓடுகிறது. மாட்டுத் தீவனமோ மாட்டு உப்புக்கட்டியோ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள், செம்மறிக்கு என்று எழுதிய மூட்டையை மட்டும் வாங்குங்கள். மற்றபடி இது நிறையத் தின்னும். மலைச்சரிவில் கிடைத்ததைக் கடித்துப் பிழைக்கும் ஆடு இல்லை, சமவெளிப் புல் வேண்டும், ஈற்றுக்கு முந்தைய ஆறு வாரம் அடர்தீவனம் கட்டாயம். வயிற்றில் இரண்டு மூன்று குட்டி இருக்கும்போது தீவனம் குறைந்தால் தாய் தன் உடம்புக் கொழுப்பையே கரைத்துச் சோர்ந்து விழுந்துவிடும், மீட்பது கஷ்டம்.

கிடா நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. இலையுதிர் காலத்தில் சில வாரம் இரவல் வாங்கிப் பெட்டைகளோடு விடுவோம், அதன் நெஞ்சில் சாயம் பூசி விடுவார்கள், எந்தப் பெட்டையின் முதுகில் சாயம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து ஐந்து மாதம் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

காகித வேலை சலிப்பூட்டும், அதனால் சுருக்கமாக. ஒரே ஒரு ஆடு வைத்தாலும் நிலத்துக்கு எண், மந்தைக்கு எண், காதில் இரண்டு அடையாள வில்லை, அதில் ஒன்று மின்னணு வில்லை. புது ஆடு வந்தால் மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், ஆறு நாள் உங்கள் இடத்திலிருந்து எந்த ஆட்டையும் வெளியே அனுப்பக் கூடாது. அவ்வளவுதான், பழகிவிடும்.

வேலிக்கு மின்வலை பயன்படுத்துகிறோம், கொம்பில்லாததால் தலை சிக்கும் பயம் குறைவு, குட்டிகள் மீது மட்டும் கண் வேண்டும். அம்மா ஊரில் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கிளுவை நட்டுவிட்டால் தலைமுறைக்கும் அதுதான் வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆட்டுக்குக் காவலும் வேண்டாம். இங்கே அதற்கு இணை ஹாத்தார்ன் என்ற முள்புதர்வேலி, நட்டு வளர்வதற்குள் ஆடு தின்றுவிடும், பேட்டரிதான் கதி.

வாங்கப் போகிறவர்களுக்கு. செப்டம்பர் கடைசியில் இங்கே வடக்கு யார்க்ஷயரில் மாஸம் (Masham) என்ற ஊரில் ஆட்டுச் சந்தை நடக்கும், பல இனங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம், வளர்ப்பவர்களிடம் பேசலாம், பார்க்க அங்கே போங்கள், வாங்கப் பண்ணைக்குப் போங்கள். ஒற்றை ஆடு வாங்காதீர்கள், கூட்டமில்லாமல் அது கத்திக்கொண்டே இருக்கும், குறைந்தது மூன்று. மேடி விஸ்னா என்ற வைரஸ் நோய் இல்லாத மந்தை என்ற சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், அது சீம்பாலிலும் பாலிலும் குட்டிக்குத் தொற்றும், நுரையீரலையும் மடியையும் கெடுக்கும், பாலுக்கு வாங்கும் நமக்கு அது முக்கியம். பரிசு ரிப்பன் வாங்கிய இளம் ஆட்டைக் காட்டி விலை சொல்வார்கள், நெற்றிப் பட்டை நேராக இருக்கிறது, காலுறை சரியாக இருக்கிறது என்பார்கள். பட்டை கோணலாக இருந்தால் விலை குறையும், பால் குறையாது. இரண்டு ஈற்று முடித்த, நாலு வயதை ஒட்டிய ஆட்டைக் கேளுங்கள், பல்லைப் பாருங்கள், குனிந்து மடியை இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள், கட்டி இல்லாமல் மெத்தென்று இருக்க வேண்டும், இரண்டு காம்பிலும் பீய்ச்சிப் பார்க்க விடச் சொல்லுங்கள். விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.